மிக்கோலாவின் ஊருக்குப் போய் வந்த கதை

ஒதெஸ்ஸாவுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ரங்கூனில் ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வரப் போனேன்.

அவள் பெயர் மா தெயின். பசுந்தாங் ஓடைக்கரையில் நான் கம்பவுண்டராக இருக்கும் அரிசி ஆலையின் வாசலில், சேமியாவில் மீன் குழம்பு ஊற்றித் தரும் மொஹிங்கா கடை வைத்திருக்கிறாள். புருஷன் படகு கவிழ்ந்து இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே அவள் கடையில் மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். பர்மியர், தமிழர், தெலுங்கர் எல்லோரும் அங்கேதான் பசியாறுவோம். எங்கள் ஆலையின் இன்ஜின் பிட்டர் மிக்கோலாவும் அப்படியே.

மிக்கோலா வெள்ளைக்காரன்; ஆனால் துரை இல்லை. உக்ரைன் நாட்டில் ஒதெஸ்ஸா பட்டணத்து ஓரத்தில் உள்ள கிரினிச்கா என்ற சின்ன கிராமத்து ஆள். அங்கே சண்டை நடந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு படை ஊருக்குள் வருமாம். வந்த படை ஆண்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகுமாம். இவனைப் பிடித்த படை தோற்ற படை. அதனால் கப்பலேறி ஓடினான். கரி அள்ளிப்போட்டே கடல்களைத் தாண்டி, காய்ச்சலோடு ரங்கூனில் இறக்கிவிடப்பட்டான். நான்தான் அவனுக்கு மருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை, பர்மியர் வைத்தியரைக் கூப்பிடுவது போல, ‘ஸயா’ என்றே கூப்பிடுவான். மூன்று வருஷத்தில் எங்கள் கூலி லைனில் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டான். எழுதத் தெரியாது. பேச்சும் கல்லும் மண்ணுமாக இருக்கும், ஆனால் புரியும்.

ஊரில் மனைவி ஹன்னாவும் ஐந்து வயது மகள் ஒக்சானாவும் இருந்தார்கள். எத்தனையோ கடிதம் போட்டான். பதில் இல்லை. நடுவில் அந்த நாட்டில் பெரும் பஞ்சம் என்று பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகு அவன் கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டான்.

என் மனைவி எஸ்தருக்கு யாரும் தனியாக இருந்தால் பிடிக்காது. மா தெயினுக்கும் மிக்கோலாவுக்கும் முடிச்சுப் போட அவளே இரு பக்கமும் பேசினாள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மா தெயின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பர்மியத்தில் சொன்னது இது:

“அந்தப் பொண்ணு உசிரோட இருக்காளா இல்லையான்னு மொதல்ல தெரியட்டும், மா எஸ்தர். இன்னொருத்தி பாயில நான் படுக்க மாட்டேன்.”

எஸ்தர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். “அவ கேக்குறது நாயந்தானே? நீங்க கப்பக்காரங்களக் கேட்டுப் பாருங்களேன்” என்றாள்.

கேட்டேன். பஞ்சம் பிடித்த அந்த நாட்டுக்கு எங்கள் ஆற்றிலிருந்தே ஓர் அரிசிக் கப்பல் போவதாக இருந்தது. கப்பல் கம்பவுண்டர் வாதக் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆலையில் விடுப்பு வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்கு நான் போய் நின்றேன். எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் திசையில் போனதில்லை, பைத்தியமா என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கேட்டார்கள். போவது என்று தீர்மானித்த பிறகு நான் யாரிடமும் யோசனை கேட்பதில்லை.

மிக்கோலா கடிதம் எதுவும் தரவில்லை. கடிதம் யார் கையிலாவது சிக்கினால் ஹன்னாவுக்கு ஆபத்து என்றான். ஊர்ப் பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தான். அவன் மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தான். “மிக்கோலா ஜிவ்யி. ரூக்கி, நோஹி ச்சீலி.” மிக்கோலா உயிரோடு இருக்கிறான், கை கால் முழுசாக இருக்கின்றன என்று அர்த்தம். ‘ஜிவ்யி’ என்றால் உயிரோடு என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ‘ஜீவன்’ அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது. கடல் முழுக்க அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே டெக்கில் நடந்தேன். சமையல்கார பண்டாரி, கம்பவுண்டருக்கு ஏதோ மந்திரம் பலிக்கப் போகிறது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒதெஸ்ஸா துறைமுகத்தில் கப்பல் கட்டிய நாள் திங்கட்கிழமை. ஆகஸ்ட் மாதக் கடைசி. வெயில் நம் ஊர் வெயில் மாதிரியே கொளுத்தியது. ஆனால் வியர்வை வழியவில்லை, வழிவதற்குள் காய்ந்துவிட்டது. மேட்டின் மேல் பட்டணம். மஞ்சள் கல் கட்டடங்கள், வரிசை வரிசையாக அக்கேஷியா மரங்கள். பாதி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. எங்கள் அரிசி மூட்டைகளைத் தூக்க வந்த கூலிகள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய அரிசியை ஒருவர் தொப்பியில் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பசுந்தாங்கில் ஆலைக்கு வெளியே சிந்திக் கிடக்கும் அரிசியைக் காக்கை கூட மிச்சம் வைத்துவிட்டுப் போகும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் கப்பலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளராக வந்தவர் ராயா என்ற பெண். முப்பது வயதிருக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி, ஆண்பிள்ளைச் சட்டை. என் பெயர் ஞானமுத்து என்றதும் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு ‘மிஸ்டர் முத்து’ என்று சுருக்கிக்கொண்டார். துண்டுத் தாளைக் காட்டினேன். கப்பல்காரர்கள் துறைமுக எல்லையைத் தாண்டக் கூடாது, அந்தக் கிராமம் பட்டணத்துக்கும் வெளியே என்றார். எதற்கு என்று கேட்டார். ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முடியாது என்றார். மாலையில் மறுபடி கேட்டேன். முடியாது என்றார். அவர் சூப் குடிக்கும் இடத்துக்கே போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“என் மனைவி இன்னும் மோசம்” என்றேன்.

மறுநாள் காலை ஒரு நாள் அனுமதிச் சீட்டோடு வந்தார். காரணம் என்ற இடத்தில் ‘நோயாளியைப் பார்க்க’ என்று எழுதியிருந்தார். கம்பவுண்டருக்கு வேறு என்ன எழுதுவது என்றார். நோயாளி யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் பையில் எப்போதும் இருக்கும் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரைப் புட்டியையும், ஒரு சிறு பை ரங்கூன் அரிசியையும் எடுத்துக்கொண்டேன். கப்பல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் என்று கேப்டன் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

டிராமில் ஏறினோம். உட்காரப் பலகை இல்லை. குளிர்காலத்தில் பிடுங்கி எரித்துவிட்டார்களாம். எல்லோர் வாயிலும் சூரியகாந்தி விதை. நம்மவர் வெற்றிலை துப்புவது போல அவர்கள் தோலைத் துப்புகிறார்கள். ஒரு கிழவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் மாலுமியா, சர்க்கஸ்காரரா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். வைத்தியர் என்று ராயா சொன்னதும், அப்படியானால் என் முழங்காலைப் பார்க்கச் சொல் என்றார். பாதி வழியில் மின்சாரம் நின்று டிராமும் நின்றது. அரை மணி நேரம் பொறுத்தோம். யாருக்கும் கோபம் வரவில்லை; இறங்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். தர்பூசணி ஏற்றிய குதிரை வண்டிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார். பழங்களின் மேல் உட்கார்ந்து, பழத்தையே வெட்டித் தின்றுகொண்டு போனோம். அந்த இனிப்பு நம் பழத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டிராம் கம்பிகள் முடியும் இடத்தில் பட்டணம் முடிந்தது. அதற்கு அப்பால் காய்ந்த புல்வெளி, வானம் தொடும் வரை ஒரு மரமும் இல்லாமல். அந்த வெளியின் விளிம்பில் நாற்பது வீடுகள். கடற்சிப்பி பதிந்த மஞ்சள் கல்லில் கட்டி, வெள்ளையடித்து, கீழே நீலப்பட்டை இழுத்திருந்தார்கள். கூரைமேல் பாயில் தக்காளி காய்ந்தது. வீடு விட்டு வீடு கதவில் குறுக்குப் பலகை அடித்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் பசியில் போய்விட்டார்கள் என்றார் வண்டிக்காரர்.

அடுத்த பலகை அடித்த கதவு ஹன்னாவுடையதாக இருக்கும் என்றே ஒவ்வொரு அடியும் வைத்தேன்.

ஹன்னாவின் கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு பரஸ்கா என்ற பெண் எங்களை உள்ளே விட்டார். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு பஞ்சு ரஜாய், அதன்மேல் ஓர் ஆட்டுத்தோல் கோட்டு, அதற்குள் ஒரு பெண். கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று அடிக்கும் அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் இரண்டு சிறு பெண்குழந்தைகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு நாடி பார்க்கக் கூடத் தேவைப்படவில்லை. பசுந்தாங்கில் மழைக்காலம் முழுக்க நான் பார்ப்பது இந்த நடுக்கத்தைத்தான். விலா எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன். மண்ணீரல் கல் போல வீங்கியிருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், பட்டணத்து ஆலைச் சங்கு நடுப்பகலில் ஊதும்போது சொல்லிவைத்தாற்போல் நடுக்கம் வரும் என்றார் பரஸ்கா. ஆறு வாரமாக. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. கொய்னா எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதைத் தின்றால் காது செவிடாகிவிடும் என்று சொல்கிறார்கள்.

நான் கட்டிலருகில் குனிந்து மனப்பாடத்தை ஒப்பித்தேன். “மிக்கோலா ஜிவ்யி. ரூக்கி, நோஹி ச்சீலி.”

ஹன்னா கண்ணைத் திறந்தாள். என் கறுத்த முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் ஏதோ தெரிகிறது என்று நினைத்து மறுபடி மூடிக்கொண்டாள். இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை ரஜாய்க்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலமே இல்லை, ஆனால் விடவில்லை. ராயா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் திரும்பினார். மிக்கோலா யார் என்று கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். தோற்ற படை என்பதையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

முதல் மாத்திரையை ஹன்னா வாந்தியெடுத்தாள். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன், நின்றது. வியர்த்து, சூடு தணிய மாலை ஆகிவிட்டது. அனுமதிச் சீட்டு அன்று மாலையோடு முடிகிறது. ஆனால் கொய்னாவை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். செவிட்டுக் கதையை நம்பும் பரஸ்கா கொடுக்க மாட்டார். அடுத்த நடுக்கம் வியாழக்கிழமை நடுப்பகல். அது வராவிட்டால்தான் பிழைப்பாள். வந்தால் இன்னொன்றைத் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் இல்லை.

“நான் வரவில்லை” என்றேன் ராயாவிடம்.

“சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. என்னைத்தான் பிடிப்பார்கள்.”

“தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து வந்தால் இவள் பிழைக்க மாட்டாள்.”

ராயா கோபமாகத்தான் போனார். போகும்போது, டிராம் கெட்டுப்போயிற்று என்று சொல்லப் பார்க்கிறேன், அதுவாவது உண்மை என்றார்.

புதன்கிழமை காலை கொண்டுபோன அரிசியில் கஞ்சி வைத்தேன். பரஸ்கா அரிசியைப் பாலும் சர்க்கரையும் போட்டுத்தான் காய்ச்சுவாராம், பிறகு ராயா சொன்னார். உப்புப் போட்ட கஞ்சியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஹன்னா ஐந்தாறு கரண்டி குடித்தாள். குழந்தைகள் மிச்சத்தை வழித்துவிட்டார்கள். அவர்கள் ஹன்னாவின் இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் என்பதை பரஸ்கா சைகையால் எனக்குப் புரியவைத்தார். ஒக்சானா எங்கே என்று கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. பெயரை மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக மேட்டைக் காட்டினார். மேட்டில் சிலுவைகள் தெரிந்தன.

எனக்குச் சாப்பாடு வீட்டுக்கு வெளியே இருந்த கோடை அடுப்பில் நடந்தது. கறுப்பு ரொட்டி, நம் மீன் மார்க்கெட்டில் பூனைக்குப் போடும் அளவு சின்ன மீன்களை மொறுமொறுவென்று பொரித்தது, சிவப்பு பீட்ரூட் போட்ட சூப். சூப் புளித்தது, ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன், நன்றாகவே இறங்கியது.

செய்தி பரவி, நடுப்பகலுக்குள் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் நாக்கை நீட்டினார்கள், விலாவைக் காட்டினார்கள். என் புட்டியில் ஹன்னாவுக்கு வேண்டியதற்கு மேல் கொஞ்சமே இருந்தது. ரொம்பவும் மோசமாக இருந்த மூன்று பேருக்குக் கொடுத்தேன். மற்றவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

பிறகு ஜெயித்த கட்சியின் ஊர்க் கமிட்டிக்காரர் வந்தார். தோல் சட்டை, மீசை. நீ யார், இந்த வீட்டுக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறார் என்பது மொழி தெரியாமலே புரிந்தது. மிக்கோலா பெயர் என் வாயிலிருந்து வந்தால் ஹன்னா என்ன ஆவாள் என்பதும் புரிந்தது. காலாவதியான சீட்டைக் காட்டினேன். “மலேரியா” என்றேன். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். நானும் “மலேரியா” என்றேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் என்பது போல நின்றேன். கடைசியில் அவர் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். மெதுவாக நாக்கை நீட்டினார்.

மாலையில் ராயா வந்தார். கையில் கப்பலின் கொய்னா டப்பா. கேப்டன் ஒரு காலத்தில் ரங்கூன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவராம். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவில் முக்கால் பங்கை அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு: ‘வெள்ளி, பன்னிரண்டு மணி. உனக்காக நிற்க மாட்டேன்.’ அனுமதியையும் ராயா வியாழன் வரை நீட்டி வாங்கியிருந்தார். எப்படி என்று கேட்டேன். கேட்காதீர்கள் என்றார். திருப்பி அனுப்பியவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டோம். கொய்னாவில் காது ரீங்காரமிடும், செவிடாகாது என்று ராயா ஒவ்வொருவருக்கும் தொண்டை வறளச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஹன்னா எழுந்து உட்கார்ந்தாள். நல்ல உயரம்; ஒட்டிய கன்னத்தில் இரண்டு சாம்பல் நிறக் கண்கள். எல்லோரும் சங்கைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். பரஸ்கா ஆட்டுத்தோல் கோட்டை மடியில் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்.

பட்டணத்துப் பக்கமிருந்து சங்கு ஊதியது. எங்கள் ஆலைச் சங்கு மாதிரியே, அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறும் சத்தம். நான் ஹன்னாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. விரல்கள் ஆடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, உப்பு வைத்து ஒரு தக்காளி வேண்டும் என்றாள். பரஸ்கா கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகுதான் பேசினோம். ராயா நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். மிக்கோலா எப்படி இருக்கிறான், என்ன வேலை, என்ன சாப்பிடுகிறான் என்று ஹன்னா கேட்டுக்கொண்டே வந்தாள். நான் எதையும் விடவில்லை. மா தெயினைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். ஹன்னா ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள்.

“அவள் நல்லவளா?” என்று கேட்டாள்.

“நல்லவள்.”

“அப்படியானால் நான் செத்துப்போனேன் என்று சொல்லிவிடுங்கள். இங்கே வந்தால் அவரை என்ன செய்வார்களோ. இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நானும் வர முடியாது. அவராவது ஒரு வீட்டில் இருக்கட்டும்.”

இதை ராயா சொல்லி முடிப்பதற்குள் நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

“அது என்னால் முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து உங்களை எழுப்பி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய் நீங்கள் செத்தீர்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். வேறு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், கொண்டுபோகிறேன்.”

ராயா இதை மொழிபெயர்த்தார். பிறகு தன் பங்குக்கும் ஒன்று சொன்னார். தோற்ற படையின் சாதாரணச் சிப்பாய்கள் திரும்பி வரலாம், மன்னிப்பு உண்டு என்று உத்தரவு போட்டிருக்கிறார்களாம். உண்மையா என்று நான் கேட்டேன்.

“என் அண்ணன் அதை நம்பி வந்தான். விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

ஹன்னா மருந்து சுற்றிய தாளின் பின்புறத்தில் பென்சிலால் நாலைந்து வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் புறப்பட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், குழந்தைகள் இரு பக்கமும் வர, டிராம் கம்பி தொடங்கும் இடம் வரை நடந்து வந்தாள். ராயா சொன்னபடி மீதி மாத்திரையைத் தானே வேளை தவறாமல் சாப்பிடுவதாக வாக்குக் கொடுத்தாள்.

டிராம் அன்று மட்டும் நிற்காமல் ஓடியது. துறைமுக வாசலில் ராயா கைகுலுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாள் பன்னிரண்டுக்குக் கப்பல் நகர்ந்தபோது, என்னைப் பார்த்த கேப்டன், நோயாளி எப்படி என்று கேட்டார். தக்காளி தின்றாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, இனி ரங்கூன் வரை யாருக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது உன் பாடு என்றார்.

ரங்கூனில் இறங்கியதும் நேரே ஆலைக்குத்தான் போனேன். மிக்கோலா இன்ஜின் கொட்டகையில் எண்ணெய்க் கையோடு நின்றான். தாளைக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் கையைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து மூன்று முறை படித்தான். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னான்.

“ஒக்சானா இல்ல. பசி.” தாளில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான். “ஹன்னா எழுதுது, வான்னு சொல்ல மாட்டேன். வராதேன்னு சொல்ல மாட்டேன். நான் இருக்கேன். அவ்ளோதான்.”

சிலுவைகள் இருந்த மேட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

“ஸயா, ஹன்னா நடந்துச்சா?”

“டிராம் வரைக்கும் நடந்து வந்தா.”

ராயா சொன்ன உத்தரவைப் பற்றியும், அதில் இருந்த சந்தேகத்தையும் சொன்னேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மா தெயின் கடைக்குப் போனான். நான் கூடப் போகவில்லை. ஆலை வாசலில் நின்றிருந்த எஸ்தர் பார்த்துச் சொன்னாள். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னானாம். மா தெயின் கடைசி வரை கேட்டாளாம். கிண்ணத்தில் ஊற்றி வைத்து, “சாப்பிட்டுப் போங்க. மழைக்கு முன்னால கப்பல் பாருங்க” என்றாளாம். மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் திறந்தாள்.

எஸ்தர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “நீங்க ஒரு பொய் சொல்லியிருந்தா இங்க ஒரு வீடு இருந்திருக்கும்” என்றாள். “அங்க ஒரு வீடு இருக்கு” என்றேன். பிறகு அவளே மிக்கோலாவுக்குக் கம்பளிச் சட்டை தேடி லான்மடாவ் கடைகளில் அலைந்தாள்.

மிக்கோலா கரி அள்ளும் வேலையில் ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு போனான். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. அவன் பிடிபட்டான் என்று சிலர் சொன்னார்கள். எஸ்தர் கேட்ட பொய்யைப் பற்றி நான் நினைக்காத நாள் கிடையாது.

பிறகு ஒரு நாள் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே அந்த நாட்டு எழுத்தில் ஒரு பக்கம். ரங்கூனில் அதைப் படிக்க ஆள் இல்லை. நாலு நாள் அலைந்து, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் பல்கேரிய மாலுமி ஒருவரைப் பிடித்தேன். எழுத்து எங்கள் எழுத்துதான், ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லையே, இது ருஷ்ய மொழியே இல்லை என்றார். பரவாயில்லை, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசியுங்கள் என்றேன். அவர் விரலை வைத்து, திக்கித் திக்கி வாசித்தார்.

“ஸயா. நான் மிக்கோலா. வீட்ல இருக்கேன். மூணு மாசம் ஜெயில், அப்புறம் போன்னு சொன்னான். ஹன்னா நல்லா இருக்கு. காய்ச்சல் இல்ல. நான் டிராம் ரிப்பேர் வேலை. ரெண்டு பொண்ணு என்ன அப்பான்னு கூப்பிடுது. இங்க தமிழ் பேச ஆள் இல்ல, ஸயா. அதான் எழுதினேன்.”

மாலுமி தாளை மடித்துக் கொடுத்து, இது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். தாளைத் திரும்ப அவர் கையிலேயே வைத்து, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.